பானகத்த கையிலயே வச்சிகினு நின்னேன்

எம் பொண்டாட்டி புத்திய நான் தான் கெடுத்தேன்.

சக்கர கெடுத்துச்சுன்னு செங்கல்பட்டு ஆஸ்பத்திரில சொன்னாங்க. எம் புள்ள அதையே வர்றவங்க போறவங்களாண்டல்லாம் சொல்லிகினு கீறான். கேக்கறவங்களும், "பாவம், அது பொல்லாத வியாதியாச்சே"ன்னு தலையாட்டிட்டு போறாங்க. நானும் பக்கத்துல குந்திகினு ஆட்டறேன்... ஆட்டறேன்! அந்த தலையாட்டல் கீது பாரு, அது பொய்யி.

எனக்கு எழுத்து தெரியாது. வாயால சொல்றேன், எழுதறவங்க எழுதிக்கிறாங்க. அவங்க மூஞ்ச நான் பாக்கல. செவுத்த பாத்துகினு சொல்றேன். நீ யாரோ, எந்த ஊரோ. அது தான் எனக்கு தோது. தெரிஞ்சவங்களாண்ட சொல்ற தெகிரியம் எனக்கு இல்ல.

இரு... எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

அவ பேரு பச்சையம்மா. கருங்குழி பக்கம் பொறந்தவ. சவுக்கு வெட்டறதுக்கு எங்கள அந்த பக்கம் லாரில ஏத்திகினு போனாங்க. லாரி நின்ன எடத்துல நடவு நட்டுகினு இருந்தாங்க பொம்பளைங்க. நான் வரப்புல போவாம குறுக்கால எறங்கிட்டேன். நாத்து கட்டு மேல காலு. ஒரு பொண்ணு நிமுந்தா. "ய்யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது?"ன்னா. சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு மானம் பூட்ச்சி. அடுத்த வருசம் அவளயே கட்டிகினு வந்தேன்.

இத எதுக்கு சொல்றேன்னா... அவளுக்கு வாயி அப்படி. யாரு எவருன்னு பாக்க மாட்டா. அந்த வாயி இப்ப சோத்த வச்சிகினு முழுங்க மறந்து குந்திகினு கீது.

எங்க தெரு திருவிடந்தைக்கு இந்தாண்ட, ரோட்டுலேர்ந்து கடலுக்கு எறங்கற பக்கம். எங்களுக்குன்னு ஒரு காணி நெலம் கெடையாது. எல்லாம் பெரிய வூட்டுக்காரரோடது. எங்கப்பன் அவரு அப்பனாண்ட வேல செஞ்சான், நான் இவராண்ட செஞ்சேன். அப்புறம் அவரு நெலத்த வித்துட்டாரு. அங்க ரிசாட்டு கட்டிட்டாங்க. நான் அதே எடத்துல புல்லுக்கு தண்ணி வுட்ற வேலைக்கு போனேன். அதே மண்ணு தான். கேட்டு மட்டும் வேற.

பெரிய வூட்டுக்காரரு என்ன "டேய் ஏகா"ன்னு தான் கூப்புடுவாரு. எம் பேரு ஏகாம்பரம். நரச்ச அப்புறமும் ஏகா தான். வருசத்துல ஒரே ஒரு நாளு மட்டும் முழு பேரு சொல்லுவாரு.

அது ஆடில கங்கம்மா கோயிலுக்கு கூழு ஊத்தற அன்னிக்கு.

கரகம் எடுக்கறது எம் பொண்டாட்டி பச்ச தான். காப்பு கட்டிட்டா ஒருவேள தான் சாப்பாடு. கரகத்தன்னிக்கு அதுவும் இல்ல. மஞ்ச சீல கட்டிகினு வந்து நிப்பா. பம்பக்காரரு அடிச்சிகினு பாடுவாரு... அவளுக்கு மொதல்ல வெரலு ஆடும். அப்புறம் தோளு. அப்புறம் அவ பச்ச இல்ல! ஆத்தா வந்துட்டா! மருளு வந்து ஆடுவா, வாக்கு சொல்லுவா. அது நெசம். அப்பல்லாம் மாத்திர ஏது, மருந்து ஏது? அத பொய்யின்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன்.

பக்கத்துல நான் நிப்பேன். ஒரு கையில வேப்பில. இன்னொரு கையில பானகம், வெல்லம் கரைச்ச தண்ணி. ஆத்தா வாக்கு சொல்லி முடிச்சதும் அத வாயில ஊத்தணும். குடிச்சா ஆத்தா மலையேறிடுவா, பச்ச திரும்பி வந்துடுவா. எப்ப ஊத்தறதுன்றது என் பொறுப்பு. அத ஞாபகம் வச்சிக்க.

அன்னிக்கு பெரிய வூட்டுக்காரரு செருப்ப கழட்டிட்டு எங்க தெருவுல வந்து கை கட்டி நிப்பாரு. ஆத்தா சொல்றது அவருக்கு வெளங்காது. என்னாண்ட குனிஞ்சி கேப்பாரு.

"ஏகாம்பரம், இன்னா சொல்றாங்க ஆத்தா?"

முழு பேரு! சனம் எல்லாம் பாக்கும். நான் நெஞ்ச நிமித்திகினு சொல்லுவேன். அந்த ஒரு நாளுக்காக நான் வருசம் பூரா குனிஞ்சி கெடந்தேன்னு வச்சிக்கயேன்.

அப்புறம் அவளுக்கு காலுல ஒரு புண்ணு. நண்டு ஓடு கீறினது. ஆறவே இல்ல. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்து பாத்து, சக்கர கீதுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மாத்திர குடுத்தாங்க. வெள்ளயா சின்னது ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி. பெருசு ஒண்ணு, சாப்புட்டு முடிச்சி. அவளுக்கும் எழுத்து தெரியாது. நர்சம்மா என்ன கூப்ட்டு தனியா சொல்லிச்சு. "தாத்தா, இந்த சின்ன மாத்திரய போட்டா ஒடனே சாப்பிடணும். வெறும் வயித்துல வுட்டுடாதீங்க."

எனக்கு சொல்லலன்னு நான் சொல்லவே முடியாது. என்னாண்ட தான் சொல்லிச்சு.

ஒரு நாளு காத்தால மாத்திரய போட்டுகினு, சோறு துன்னாம ரேசன் கடைக்கு பூட்டா. கூட்டம். நின்னுகினே இருந்தவ வேர்த்து ஊத்தி, கையி காலு ஆட்டம் எடுத்து, இன்னா இன்னாவோ பேச ஆரம்பிச்சிட்டா. சனம் பூரா கன்னத்துல போட்டுக்குது! "ஆத்தா எறங்கிட்டா, கடக்காரன் எட கொறச்சி போட்றான்னு கேக்க வந்துட்டா"ன்னு ஒருத்தன் சொல்றான். கடக்காரன் அரண்டு பூட்டான். அன்னிக்கு எல்லாருக்கும் அரிசி சரியா நிறுத்து போட்டானாம். அத நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது... வரக்கூடாது.

எம் மருமவ மேரி தான் அங்க ஓடுச்சு. அது வேதக்கார வூட்டு பொண்ணு. எம் புள்ள சேகரு சிறுசேரில கம்பெனிக்காரங்கள ஏத்திகினு வண்டி ஓட்டறான். அங்க ஆபீஸ்ல கூட்டற வேல செஞ்சிகினு இருந்த பொண்ண கட்டிகினு வந்தான். அது டீக்கடைல கை நெறைய சக்கர வாங்கி, தண்ணில கலக்கி, பச்ச வாயில ஊத்திச்சு. கொஞ்ச நேரத்துல பச்ச கண்ணு முழிச்சி, "இன்னா எல்லாரும் என்னய பாக்கறீங்க, வேல இல்லியா?"ன்னு கேட்டாளாம்.

வூட்டுக்கு வந்து மேரி என்னாண்ட சொல்லிச்சு.

"மாமா, இது சாமி இல்ல. சுகரு எறங்கிடுச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கு இப்படித்தான் ஆச்சு. இதால மூளைக்கே ஆபத்தாம் மாமா."

"வாய மூடு. உங்க சாமி வேற, எங்க சாமி வேற. உனுக்கு இன்னா தெரியும்?"

"சாமி வேறயா இருக்கட்டும் மாமா. சக்கர ஒண்ணு தானே?"

சொல்லிட்டு பாத்திரம் வெளக்க பூட்ச்சி. நான் அங்கியே நின்னேன். வேர்வ, ஆட்டம், ஒளறல்... சக்கர தண்ணி குடிச்சா தெளியுது. ஆத்தா பானகம் குடிச்சா மலையேர்றா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து குந்திகிச்சு எம் மனசுல. எந்திரிக்கவே இல்ல.

அந்த வருசம் ஆடில மருளு வரல.

மேரி அவள வயித்த காயப்போட வுடல. காப்பு கட்டியும், மாத்திரய குடுத்து கஞ்சிய ஊத்திகினே இருந்துச்சு. பம்பக்காரரு அடிக்கிறாரு அடிக்கிறாரு, தொண்ட கட்டிகிச்சு. பச்ச செல மாரி நிக்கறா. சனம் மொதல்ல காத்துகினு இருந்துச்சு, அப்புறம் பேச ஆரம்பிச்சிருச்சு. "ஆத்தா கோச்சிகினா போல", "வேதக்கார பொண்ண வூட்டுல சேத்தா வருவாளா"ன்னு ஒரு கெழவன்.

பெரிய வூட்டுக்காரரு கொஞ்ச நேரம் பாத்தாரு. செருப்ப மாட்டிகினாரு.

"இன்னா ஏகா, அவ்ளோதானா?"

ஏகா!

வூட்டுக்கு வந்து பச்ச அழுதா. "நான் இன்னாய்யா தப்பு பண்ணேன்? ஏன்யா எனக்கு வரல?" அவ அழுதத நான் சொல்லி தான் ஆவணும். அவ அழுதா, அதனால தான் நான் செஞ்சேன்னு ரொம்ப நாளா எனக்கு நானே சொல்லிகினு இருந்தேன். பொய்யி. எங் காதுல கேட்டுகினு இருந்தது அவ அழுக இல்ல. அந்த ஏகா.

அடுத்த ஆடி. மேரி தாய் வூட்டுக்கு பூட்ச்சி. நான் தான் போவ சொன்னேன்... "போய் நாலு நாளு இருந்துட்டு வாம்மா"ன்னு. அது சந்தோசமா போச்சு. பம்பக்காரங்க நெருப்பு மூட்டி தோலு காய வச்சிகினு இருந்தாங்க. பச்ச மஞ்ச சீல கட்டிகினு குந்திகினு இருந்தா. காத்தாலேர்ந்து ஒண்ணும் துன்னல. நான் போயி வெள்ள மாத்திரய நீட்டினேன்.

"சோறு துன்னாம போடக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லிச்சே?"ன்னா.

"வெய்யில்ல நிக்கணும் இல்ல. போட்டுக்க. நான் கீறேன் இல்ல பக்கத்துல?"

என்ன ஒரு பார்வ பாத்தா. அப்புறம் கைய நீட்டினா. ஒண்ணு இல்ல... ரெண்டு வச்சேன்.

வந்துச்சு! கரகம் தூக்கினதும் வெரலு ஆடுச்சு, வேர்த்துச்சு, கண்ணு சொருகிச்சு. சனம் கையெடுத்து கும்புடுது. பம்பக்காரரு அழுவுறாரு. என்னன்னமோ பேசறா. நான் அதுக்கு அர்த்தம் சொல்றேன்! எனக்கு தெரியும் அது ஆத்தா இல்லன்னு. இல்ல... அதுவும் தெரியாது. ஒருவேள ஆத்தாவும் வந்து, இந்த பாவி இன்னா பண்றான்னு பாத்துகினு இருந்தாளோ? நான் யார கேக்கறது?

பெரிய வூட்டுக்காரரு இன்னும் வரல. கோவளத்துல யாரு வூட்டு விசேசத்துக்கோ போயிருந்தாரு. ஆளு அனுப்பிச்சிகிறாங்க, வந்துகினே கீறாருன்னு சொன்னாங்க. பானகம் எங் கையில. பச்ச வாயி ஒரு பக்கம் இழுக்குது. ஊத்தினா தெளிஞ்சிடுவா. தெளிஞ்சா அவரு வரும்போது ஆத்தா இருக்க மாட்டா.

நான் ஊத்தல.

பானகத்த கையிலயே வச்சிகினு நின்னேன். ரோட்ட பாத்துகினு நின்னேன்! இத சொல்லத்தான் இவ்வளவும் சுத்தி வந்தேன். இது தான் அது.

அவரு வந்தாரு. செருப்ப கழட்டினாரு. "ஏகாம்பரம், இன்னா சொல்றாங்க?"ன்னு கேட்டாரு. நான் எதையோ சொன்னேன். இன்னா சொன்னேன்னு கூட ஞாபகம் இல்ல. அதுக்குள்ள பச்ச கீழ வுழுந்து வெட்டி வெட்டி இழுக்குது. ஆத்தா உக்கிரமா கீறான்னு சனம் கத்துது. பல்லு கிட்டிகிச்சு. பல்லு சந்துல பானகத்த ஊத்தறேன், எல்லாம் வெளிய வழியுது... மண்ணுல போவுது. ரொம்ப நேரம் கழிச்சி தான் முழிச்சா. அன்னிக்கு பூரா யாராண்டயும் பேசல. மறுநாளு எழுந்து கோலம் போட்டா. நான் தப்பிச்சோம்னு நெனச்சேன்.

அதோட வுட்டிருக்கலாம் இல்ல? வுடல. அடுத்த ஆடியும் குடுத்தேன். அதுக்கடுத்ததும். ஆடி வந்தா மேரிய தாய் வூட்டுக்கு அனுப்புவேன். எத்தினி வருசம்னு கேக்காத. வெரல மடக்கி எண்ண எனக்கு பயமா கீது.

கொஞ்சங் கொஞ்சமா தான் ஆரம்பிச்சிது. கொழம்புல உப்ப போட்டுட்டு மறுபடியும் போடுவா. வயசாச்சுன்னு சொன்னோம். கோவளம் மார்க்கெட்டுக்கு போனவ வாங்கின மீன பஸ் ஸ்டாப்புலயே வச்சிட்டு வந்தா. சிரிச்சோம். ஒரு நாளு அரிசிய கழுவி எடுத்துகினு அடுப்பாண்ட வந்து நின்னுட்டா. நின்னுகினே கீறா. "இன்னாடி?"ன்னேன். "அப்புறம் இன்னா?"ன்னு என்ன கேட்டா. பயந்த கொழந்த மாரி கேட்டா.

சேகரு வண்டில செங்கல்பட்டுக்கு இட்டுகினு போனோம். மேரிக்கு அன்னிக்கு லீவு குடுக்கல. தலைய படம் எடுத்து பாத்தாங்க. ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பொறுமையா தான் சொல்லிச்சு.

"பெரியவரே, மூளையில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இடம் இருக்கு. ஊர் ஊரா இருக்குன்னு வச்சுக்கங்க. ஊருங்க இன்னும் இருக்கு. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு போற ரோடு தான் கெட்டுப் போயிட்டு வருது. ரொம்ப வருஷம் சுகர் இருந்தா சில பேருக்கு அப்படி ஆகும்."

எனக்கு வெளங்கிச்சு. பெரிய மழ பேஞ்சா எங்க பக்கம் அப்படித்தான். கோவளம் கீது, கேளம்பாக்கம் கீது. நடுவுல ரோட்டு மேல தண்ணி. இங்க கீறவன் இங்க, அங்க கீறவன் அங்க. பச்சைக்கு அரிசியும் தெரியும், அடுப்பும் தெரியும். அரிசிலேர்ந்து அடுப்புக்கு போற வழி பூட்ச்சி.

அப்புறம் அந்தம்மா கேட்டுச்சு. நேரா எம் மூஞ்ச பாத்து கேட்டுச்சு.

"சுகர் அடிக்கடி ரொம்ப எறங்கி, மயக்கம், வலிப்பு ஏதாவது வந்திருக்கா? அப்படி வந்திருந்தா இது சீக்கிரமா ஆகும். மாத்திரையும் மாத்தணும். நல்லா யோசிச்சு சொல்லுங்க."

சேகரு என்ன பாத்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, ஆடில கூட வண்டி ஓட்ட பூடுவான். பச்ச என்ன பாத்துகினு இருந்தா. பாத்தாளா, சொம்மா அந்த பக்கம் கண்ணு இருந்துச்சா...

"இல்லம்மா. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னேன்.

அந்தம்மா அதே மாத்திரய எழுதிச்சு. அதே வெள்ள மாத்திர! அத பையில போட்டுகினு நான் தான் தூக்கிகினு வந்தேன்.

வந்த கொஞ்ச நாள்லயே, ஒரு காத்தால நாஸ்தா லேட்டாயி, மறுபடியும் வேர்த்து வுழுந்துட்டா. மேரி சக்கர தண்ணி குடுத்து எழுப்பி, அடுத்த தடவ தானே கூட போயி, ரேசன் கட கதைய டாக்டரம்மாவாண்ட சொல்லி மாத்திரய மாத்திகினு வந்துச்சு. என்னாண்ட ஒண்ணே ஒண்ணு தான் கேட்டுச்சு.

"மாமா, அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

மறந்துட்டேன்னு சொன்னேன். மறக்கறவ அங்க குந்திகினு இருக்கா, நான் மறந்துட்டேன்னு சொல்றேன்! மேரிக்கு ரேசன் கட மட்டும் தான் தெரியும். ஆடி தெரியாது.

சக்கர மட்டுமே கெடுத்துச்சா, நான் கெடுத்தேனா, எவ்வளவு அது, எவ்வளவு நான்? அத பிரிச்சி சொல்ல டாக்டரம்மாவாலயும் ஆவாதாம். சேகரு ஒருவாட்டி எதுக்கோ கேட்டான், அப்படித்தான் சொல்லிச்சு. அது எனக்கு ஆறுதல்னு நெனைக்கிறியா? என் பங்கு இவ்வளவுன்னு யாராச்சும் சொல்லிட்டா அத தூக்கிகினு பூடுவேன். இது அளவே தெரியல.

பச்ச எம் பேர வாயால சொன்னதே இல்ல. புருசன் பேர சொல்லக்கூடாதுன்னு இருந்தவ. இப்ப என்னாண்டயே வந்து கேக்கறா, "ஏகாம்பரம் எங்க பூட்டாரு? வந்தாரா?"ன்னு. முழு பேரு. மரியாதயா. எம் மூஞ்சியும் அவளுக்கு தெரிஞ்ச மூஞ்சி தான், எம் பேரும் தெரிஞ்ச பேரு தான். நடுவுல தண்ணி நிக்கிது. "வந்துடுவாரு"ன்னு சொல்றேன். வேற இன்னா சொல்ல?

இந்த ஆடி கூழு ஊத்தினாங்க. கரகம் வேற வூட்டு பொண்ணு எடுத்துச்சு. மேரி காத்தாலயே பச்சைக்கு இட்லி ஊட்டி, மாத்திர குடுத்து, வாசல்ல சேர் போட்டு குந்த வச்சிட்டு உள்ள பூட்ச்சி. நான் பக்கத்துல தரையில குந்திகினு இருந்தேன். பம்ப சத்தம் தெரு மொனையில கேட்டுச்சு. கிட்ட வந்துச்சு.

எனக்கு அவ வெரல பாக்கவே பயம். ஆடுமோன்னு பாத்தேன். ஆடல.

வலது கைய நீட்டினா. உள்ளங்கைய விரிச்சி, எம் மூஞ்சாண்ட.

"இன்னா பச்ச?"

"குடுய்யா."

"இன்னா குடுக்கறது?"

"மாத்திர. பம்ப அடிக்கிறான், காது கேக்கல? நான் ஒண்ணும் துன்னல. குடு."

இட்லி துன்ன வாயி. அந்த இட்லி மறந்து பூட்ச்சி. நான் யாருன்றது மறந்து பூட்ச்சி. இது மறக்கல! அவளுக்கு தெரிஞ்சிருந்துச்சா? அத்தினி வருசமும் எல்லாம் தெரிஞ்சி தான் கைய நீட்டினாளா?

உள்ள ஓடினேன். கோயில்லேர்ந்து பானகம் குடுத்தனுப்பி இருந்தாங்க. ஒரு தம்ளர்ல ஊத்திகினு வந்தேன். எதுக்கு ஊத்திகினு வந்தேன்னு எனக்கே தெரியாது. அவளுக்கு அது இப்ப ஆவாது கூட. கையி தானா போச்சு. அவ வாயாண்ட கொண்டு போனேன்.

தம்ளர தள்ளினா.

"இப்ப வேணாம். பெரிய வூட்டுக்காரரு இன்னும் வரல இல்ல? அவரு வரட்டும். நான் தாங்கறேன்."

பம்ப எங்க வூட்ட தாண்டி போச்சு. பெரிய வூட்டுக்காரரு செத்து எவ்வளவோ நாளாச்சு. அவளாண்ட அத எப்படி சொல்றது? ரோட்டயே பாத்துகினு குந்திகினு இருந்தா. நீட்டின கைய மடக்கல.

நானும் அங்கியே நின்னேன். தம்ளரு எங் கையில.